ஒற்றுக்குக் கணக்கில்லை

நாளைக்குச் சோதனை. இன்றைக்கு இரவு வேலை.
கலைச்சொற்களை மீன்பெட்டி லேபிள்களின் பின்பக்கம் எழுதி
ஏப்ரன் பையில் வைத்திருக்கிறேன்.
ஈரம் பட்டு ‘படிமம்’ ஏற்கெனவே கரைந்துவிட்டது.

கிரிம்ஸ்பி. கடைசி ‘பி’ டேனியர் தந்தது,
அவர்கள் வாயில் அதற்கு ஊர் என்று பொருள்.
கோடரியோடு வந்தவர்கள் மாடு கட்டிக் குடியமர்ந்து
ஒரு விகுதியாக மிச்சமானார்கள்.

எதிரே டாய்வா, லித்துவேனியாக்காரி.
கத்தியை நிறுத்தாமல் கேள்வி கேட்கிறாள்.
“ஆயிரத்து அறுபத்தாறு?”
நார்மன்கள் வந்தது.
“அதனால் என்ன?”

அதனால், டாய்வா,
தொழுவத்தில் நின்றவரை மாட்டுக்கு உழவன் வைத்த பெயர்,
தட்டில் விழுந்ததும் பிரபு வைத்த பெயர்.
வளர்த்தவன் மொழியில் உயிர்,
தின்றவன் மொழியில் இறைச்சி.
புத்தகம் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறது.
எனக்கோ ஈஸ்ட்ஹாமில் ஒரு கடைக் கண்ணாடி ஞாபகம் வந்தது:
வேலியோரம் மேய்ந்தவரை ஆடு,
ரோலுக்குள் சுருண்டதும் மட்டன்.
எங்களையும் யாரோ வென்றிருக்கிறார்கள்,
தேதிதான் மனப்பாடம் இல்லை.

மீன் தப்பிவிட்டது.
நீந்தினாலும் பொரிந்தாலும் அதற்கு ஒரே பெயர்.

பெயர் தப்பியதே தவிர உடம்பு தப்பவில்லை.
தலை போகும், பிறகு குடல், பிறகு வால்.
முதற்குறை, இடைக்குறை, கடைக்குறை.
இது இந்தப் பாடத்தில் இல்லை. ஓ.எல். சோதனைக்கு நெட்டுருப் போட்டது,
கத்தி பிடித்த பிறகுதான் விளங்கியது.

என் பெயர் சிவயோகமலர்.
மேற்பார்வைக்காரர் கீத் வால் பக்கம் வெட்டி ‘சிவா’ என்பார்.
சம்பளச் சீட்டில் தலை இல்லை, வெறும் மலர்.
டாய்வா பாவம், முழுதாகச் சொல்லத்தான் பார்ப்பாள்,
அவள் வாயில் நடுவிலிருக்கும் யோகம் மட்டும் போய்விடும்.
நான் திருத்துவதில்லை.
வந்த வருடத்திலிருந்தே அது அங்கே இல்லை.

இரண்டரை மணிக்கு பெல்ட் நின்றது.
ஒரு மீன் பாதி என் பக்கம், பாதி அவள் பக்கம்.
“வரியின் நடுவே மூச்சு நிற்பதற்கு?”
இடைநிறுத்தம், என்றேன்.
அதன் பிறகு இருவரும் பேசவில்லை. ஐஸ் சொட்டிக்கொண்டிருந்தது.

‘வரலாற்றுப் பின்னணி’ அதிகாரத்தில் நூற்பாலை உண்டு,
நிலக்கரி உண்டு, இரண்டு போரும் உண்டு.
இந்தத் துறையிலிருந்து போய்த் திரும்பாத படகுகள் இல்லை.
இப்போது மீன் ஐஸ்லாந்திலிருந்து வந்து லொறியில் இறங்குகிறது.
கீத்தின் தகப்பன் ஒரு படகோடு போனவராம்.
எந்த ஆண்டு என்று அவர் சொன்னதில்லை,
வாடை அடிக்கும் இரவுகளில் மட்டும்
கையுறையைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார்.

‘இரங்கற்பா’ லேபிளை எடுத்துப் பார்த்தேன்.
எங்கள் சொல்தான் பொருந்தும்: கையறுநிலை.
விரல்கள் மரத்து,
கத்தி இருப்பது யார் கையில் என்று தெரியாமல் போகிற நேரம்.

காலை ஒன்பது. கல்லூரி மண்டபம்.
தேசிக்காய் தேய்த்தும் கை மணக்கிறது.
பக்கத்து மேசைப் பையன் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தான்.
விடைத்தாளின் முகப்பில் பெயர்,
கட்டத்துக்கு ஓர் எழுத்து.
தமிழில் எனக்கு ஏழெழுத்து,
அவர்கள் கணக்கில் பதின்மூன்று.
கட்டங்கள் பன்னிரண்டு.

கடைசி எழுத்து வெளியே நின்றது. ர்.
அலகிடும்போது ஒற்றுக்குத் தனிக் கணக்கில்லை என்பார்கள்.
வெட்டியிருக்கலாம்.
கை அப்படித்தான் பழகியிருக்கிறது.

கோட்டைத் தாண்டி, வெறும் வெள்ளையில்,
அழுத்தி எழுதினேன்.
மேசை மேசையாக வந்த பெண்மணி குனிந்து பார்த்தார்,
ஒன்றும் சொல்லாமல் அடுத்த மேசைக்குப் போனார்.